எண்பது பேர் சேர்ந்து பாடும் காதல் தோல்வி

ஆண்கள் நூறு பேர் ஓர் இடத்தில் கூடினால் சத்தம் வரும். கிரிக்கெட் மைதானம், கட்சி ஊர்வலம், கல்யாண மண்டபத்துப் பந்தி, எங்கே வேண்டுமானாலும் பாருங்கள். ஆனால், அதே நூறு பேர் வரிசையாக நின்று, பக்கத்து அறையில் தூங்கும் குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பது மாதிரி மெதுவாகப் பாடி நீங்கள் கேட்டதுண்டா?

நான் கேட்டேன். நேரில் இல்லை. கார்டிஃப் நகரத்தில் சில வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய நண்பர் ஒருவர் கொண்டுவந்த சி.டி.யில். அட்டையில் சிவப்புக் கோட்டும் டையுமாக எண்பது பேர். முக்கால்வாசி வழுக்கை. 'எல்லாம் தாத்தாக்கள் சார், ஆனா கேட்டுப் பாருங்க' என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் அது மேஜை மேல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூக்கம் வராமல் போட்டேன். மூன்றாவது பாட்டில் எழுந்து உட்கார்ந்தேன்.

வேல்ஸ் நாட்டின் சுரங்கத் தொழிலாளர் ஆண் குரல் குழுக்கள் பற்றித்தான் இந்த வாரம்.

முதலில் உச்சரிப்புத் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். வேல்ஸ் மொழியில் ஒற்றை 'எஃப்' எழுதினால் 'வி' என்று படிக்கவேண்டும். இரண்டு 'டி' சேர்ந்தால் 'த' மாதிரி. அதனால் வரைபடத்தில் ரோண்டா என்று தோன்றுவது உண்மையில் ரோந்தா. நான் சொன்ன அந்த மூன்றாவது பாட்டின் பெயர் 'மவான்வி'. மிஃபான்வி என்று படித்தால் வேல்ஸ்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் நம் ஊர்ப் பெயர்களைப் படும் பாட்டை நினைத்துக்கொண்டு மன்னித்துவிடலாம்.

ரோந்தா என்பது தெற்கு வேல்ஸில் இரண்டு குறுகலான பள்ளத்தாக்குகள். 1851-ல் அங்கே மொத்த ஜனத்தொகை ஆயிரம்கூட இல்லை. ஆடு, ஓடை, மழை. அப்புறம் பூமிக்கு அடியில் உயர்ரக நிலக்கரி இருப்பது தெரிந்தது. கப்பல்களின் நீராவி எந்திரங்களுக்கு அதைப் போல வேறு கரி கிடையாது. 1911-ல் அதே இடத்தில் ஒன்றரை லட்சம் பேர்! மலைச்சரிவில் ரயில் பெட்டி மாதிரி வரிசை வரிசையாக ஒட்டிய வீடுகள். 1913-ல் தெற்கு வேல்ஸ் முழுவதும் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் சுமார் 2.3 லட்சம். அந்த ஒரு வருஷத்தில் வெட்டிய கரி 5.7 கோடி டன். அதே வருஷம் அக்டோபர் 14 அன்று செங்ஹெனித் என்ற ஊரில் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர்கள் செத்தார்கள், காப்பாற்றப் போன இன்னொருவரும். பிரிட்டனின் சுரங்க வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இல்லை. இந்த இரண்டு கணக்குகளும் ஒரே வருஷத்தில் இருப்பதைக் கவனியுங்கள்.

வேலை தேடிப் பள்ளத்தாக்குக்கு வந்து குவிந்ததில் இளவட்ட ஆண்கள் அதிகம். அடியில் ஒருவன் உயிர் இன்னொருவன் கையில். மேலே வந்தால் போக இரண்டு இடம்தான், சாப்பல் எனப்படும் பிரார்த்தனைக் கூடம் அல்லது சாராயக்கடை. பாதிரிமார் என்ன நினைத்தார்கள் என்றால், பையன்களைக் கடையிலிருந்து இழுக்க பாட்டு ஒரு நல்ல தூண்டில். அது பலித்தது. ஆனால், இன்று உலகப் புகழ் பெற்ற ட்ரியார்க்கி குழு 1883-ல் முதன்முதலாக ஜெயித்த போட்டி நடந்தது 'செம்பசு' என்ற பெயர் கொண்ட ஒரு மதுக்கடையில். பரிசு ஒரு பவுன். அந்தப் பணத்தை என்ன செய்தார்கள் என்று நான் ஊகிக்கப்போவதில்லை.

'வேல்ஸ்காரன் பிறக்கும்போதே பாடிக்கொண்டு பிறக்கிறான்' என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாட்டு நாடு என்றே அதற்குப் பெயர். எனக்கு இந்த மாதிரிப் புகழ்ச்சியில் எப்போதும் சந்தேகம். உழைத்துக் கற்றுக்கொண்டதை 'ரத்தத்திலேயே இருக்கு' என்று சொல்லிவிட்டால் உழைப்பு காணாமல் போய்விடும். வேல்ஸ் விஷயத்தில் நடந்தது படிப்பு, பயிற்சி, அதற்கு ஒரு கருவி.

அந்தக் கருவியின் பெயர் டானிக் ஸோல்ஃபா. ஐந்து கோடு, முட்டை முட்டையாகப் புள்ளி என்று மேற்கத்திய இசைக் குறிமானத்தைப் பார்த்திருப்பீர்கள். அதைப் படிக்க வருஷக்கணக்கில் ஆகும். அச்சடிக்கவும் செலவு. இங்கிலாந்தில் ஸாரா குளோவர் என்ற ஆசிரியை ஒரு எளிய வழி கண்டுபிடித்தார். ஜான் கர்வன் என்ற பாதிரியார் 1840-களில் அதைச் செப்பம் செய்து பரப்பினார். தோ, ரே, மீ என்பதன் முதல் எழுத்துகளை மட்டும் வரிசையாக எழுதுவது. தாளத்துக்குப் புள்ளியும் கோடும். சுருதி எதுவானாலும் ஆரம்ப ஸ்வரம் 'தோ'தான். நமக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. ஒரு கட்டையோ ஐந்து கட்டையோ, ஸட்ஜம் ஸட்ஜம்தானே? ச ரி க ம எழுதிய பாட்டு நோட்டைப் பார்த்த எவருக்கும் இது ஐந்து நிமிஷத்தில் புரியும்.

சாதாரண அச்சு எழுத்து போதும் என்பதால் புத்தகம் மலிவு. ஞாயிற்றுக்கிழமை சாப்பலில் சுவரில் ஒரு நீளமான ஸ்வர அட்டவணையைத் தொங்கவிட்டு, குச்சியால் தொட்டுத் தொட்டுப் பாட வைத்தார்கள். பள்ளிக்கூடத்தையே சரியாகப் பார்க்காத கரி வெட்டுகிறவன் நாலு குரலில் ஹாண்டெலின் 'மெஸையா'வைப் படித்துப் பாடினான். படித்து! காதால் கேட்டு ஒப்பித்து அல்ல. இதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய ஆச்சரியம்.

(ஒரு கிளைத் தகவல். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் வேல்ஸ் மிஷனரிகள் மிஸோரம் மலைகளுக்குப் போனபோது இந்த ஸோல்ஃபாவையும் மூட்டையில் கட்டிக்கொண்டு போனார்கள். மிஸோக்கள் அதை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் சர்ச்சுகளில் இன்றும் அந்த எழுத்தைப் படித்து நாலு குரலில் பாடுகிறார்கள்.)

இப்போது 'மவான்வி'க்கு வருவோம். மெட்டமைத்தவர் ஜோசஃப் பாரி. 1841-ல் மெர்தர் என்ற இரும்பாலை ஊரில் பிறந்தவர். ஒன்பது வயதில் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு வயதில் இரும்பு உலைக்கு. பிறகு குடும்பத்தோடு அமெரிக்கா, அங்கேயும் இரும்பாலை. ஓய்வு நேரத்தில் இசை கற்று, போட்டிகளுக்குப் பாட்டு அனுப்பி, பரிசு வாங்கி, கடைசியில் ஜனங்களே கைக்காசு போட்டு அவரை லண்டன் ராயல் அகாதமிக்குப் படிக்க அனுப்பினார்கள். 1874-ல் அபெரிஸ்ட்வித் கல்லூரியில் இசைக்கு முதல் பேராசிரியர். 'மவான்வி' அச்சில் வந்தது 1875-ல்.

பாட்டின் விஷயம் ரொம்பச் சின்னது. அவள் கண்ணில் கோபம். ஒரு காலத்தில் இருந்த சிரிப்பு எங்கே போச்சு என்கிறான். காதல் இல்லை என்று ஆகிவிட்டது, சரி. நீ நன்றாக இரு, உன்னைப் பிடித்து நிறுத்தமாட்டேன், விடைபெற ஒரு தடவை கையைக் கொடு, போய்விடுகிறேன். அவ்வளவுதான். வசை இல்லை, சாபம் இல்லை. பதினாலாம் நூற்றாண்டில் ஒரு கோட்டைச் சீமாட்டியைக் காதலித்த கவிஞன் கதை இதற்குப் பின்னால் இருக்கிறது என்பார்கள். பாரியின் பால்ய சிநேகிதி பெயரே மவான்வி என்றும் ஒரு கதை உண்டு. இது ரசிகர்கள் பிற்பாடு கட்டியதாகத்தான் எனக்குப் படுகிறது. பாட்டு பிடித்துவிட்டால் நாமெல்லாம் செய்கிற வேலைதானே.

ஒரு மனுஷனின் அந்தரங்கத் தோல்வியை எண்பது பேர் சேர்ந்து எப்படிப் பாடுவது? காகிதத்தில் யோசித்தால் அபத்தம். நூறு பேர் சேர்ந்து ஒரு பெண்ணிடம் கையைக் கேட்டால் அதற்குப் பெயர் வேறு. ஆனால், கேட்கும்போது அபத்தம் தோன்றுவதில்லை. காரணத்தைச் சில நாள் யோசித்தேன். தனி ஒருவன் இதைப் பாடினால் நாம் அவன் முகத்தைப் பார்க்கிறோம். பாவம் என்கிறோம். எண்பது பேர் பாடும்போது யார் தோற்றான் என்று தெரியாது. ஒவ்வொருவனும் பக்கத்தில் இருப்பவன் தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தன் சொந்த மவான்வியை நினைத்துக்கொள்ளலாம். வீட்டில், கடையில், சுரங்கத்தில் வாய் திறந்து சொல்ல முடியாததைச் சொல்ல ஆண்களுக்கு இப்படி ஒரு மறைவு தேவைப்பட்டிருக்கிறது.

இதில் சங்கீத நுட்பமும் உண்டு. இந்தக் குழுக்களில் நாலு அடுக்கு. முதல் டெனர், இரண்டாம் டெனர், பாரிடோன், பாஸ். நாலும் ஆண் குரல்கள் என்பதால் இடைவெளி நெருக்கம். பெண்களும் பாடும் குழுவில் மேலே வெளிச்சமும் கீழே நிழலுமாக ஒலி விரிந்து நிற்கும். இங்கே எல்லாம் நிழல்தான். அடர்த்தியான, பழுப்பு நிற ஒலி. சத்தமாகப் பாடினால் இது சீக்கிரம் கூழாகிவிடும். மெதுவாகப் பாடும்போதுதான் நாலு இழையும் தனித்தனியாகத் தெரியும். அதனால் ஒரு குழு உசத்தியா மட்டமா என்று பார்க்க, உச்சத்தில் கூரையைப் பிளக்கும் இடத்தைக் கேட்காதீர்கள். அதை யாரும் செய்யலாம். அடங்கும் இடத்தைக் கேளுங்கள். ட்ரியார்க்கி குழுவை 1946-ல் மறுபடி கட்டி எழுப்பி 1969 வரை நடத்திய ஜான் ஹேடன் டேவிஸ் காலத்துப் பதிவுகளில் அந்த அடக்கம் இருக்கிறது. பிற்காலத்தில் எலெக்ட்ரிக் ஆர்கனும் சினிமாப் பாட்டும் சேர்த்துக் கடைக்குக் கடை விற்ற ரெக்கார்டுகளில் அது குறைவு. 1990-களில் கார்டிஃப் விளையாட்டு மைதானத்தில் பத்தாயிரம் ஆண்களை நிறுத்திப் பாட வைத்தார்கள். பத்தாயிரம்! அது கின்னஸ் சமாசாரம், சங்கீதம் அல்ல.

மெதுவாக, நீளமாக மூச்சுப் பிடித்துப் பாட நுரையீரல் வேண்டும். இவர்களிடம் இல்லாத பொருளே அதுதான். கரித்தூள் வருஷக்கணக்கில் படிந்து நுரையீரல் கல்லாகிப் போகும் நோய்க்கு நிமோகோனியோசிஸ் என்று பெரிய பெயர். பள்ளத்தாக்கில் 'டஸ்ட்' என்ற ஒரே வார்த்தை. 1943-ல்தான் நஷ்டஈட்டுக்குத் தகுதியான நோய் என்று ஒப்புக்கொண்டார்கள். ரோந்தா வாக் என்னும் சின்னப் பள்ளத்தாக்கில் ஆர்ச்சி காக்ரன் என்ற டாக்டர் 1950-களின் தொடக்கத்தில் ஊர் ஊராக எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்தார். மருத்துவ உலகம் இன்று எந்தச் சிகிச்சைக்கும் 'ஆதாரம் எங்கே?' என்று கேட்கிறதே, அதைக் கேட்கப் பழக்கியவர்களில் அவர் முக்கியமானவர். அதே பள்ளத்தாக்கில்தான் பென்டரஸ் குழுவும் இருந்தது. பகலில் எக்ஸ்ரேக்கு நின்ற மார்புகளில் சில சாயங்காலம் பாடப் போயிருக்கும்.

பென்டரஸ் எனக்குப் பிடித்த குழு. 1924-ல் வேலையில்லாத இரண்டு சுரங்கத் தொழிலாளிகள் ஆரம்பித்தது. இரண்டு வருஷத்தில், 1926-ல், சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைத்து, ஒத்துக்கொள்ளாதவர்களை வெளியே நிறுத்தினார்கள். நாட்டின் மற்ற தொழிலாளிகள் ஒன்பது நாள் கூட நின்றுவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். சுரங்கக்காரர்கள் மட்டும் வருஷக் கடைசி வரை பட்டினியோடு நின்று தோற்றார்கள். அந்த மாதிரிக் காலங்களில் குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடி, குல்லாயை நீட்டிக் காசு சேர்த்துக் கஞ்சித் தொட்டிக்குக் கொடுத்தன. வேலை இல்லாதவனுக்கு ஒத்திகைக்கு மட்டும் நேரம் நிறைய இருந்தது என்பது கசப்பான வேடிக்கை.

1962-லிருந்து 2000 வரை பென்டரஸை நடத்தியவர் க்ளின் ஜோன்ஸ். ஜனங்கள் கேட்கிற அதே ஏழெட்டுப் பாட்டை வைத்துக்கொண்டு காலம் தள்ளமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர். நானூறு வருஷப் பழைய ஐரோப்பியத் துதிப்பாடல்களையும் நேற்று எழுதிய நவீன இசையையும் பாட வைத்தார். பழைய பாட்டே போதும் என்று பாடகர்களில் சிலர் முனகியிருப்பார்கள். இருக்கட்டுமே. மரபு என்ற பெயரில் எதையெல்லாம் பாதுகாத்தார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும். 19-ம் நூற்றாண்டுப் போட்டிகளில் வேல்ஸ் ஆண்கள் உயிரைக் கொடுத்துப் பாடிய பெரிய உருப்படிகளில் ஒன்று 'அரங்கத்துத் தியாகிகள்'. எழுதியவர் லோரான் த ரீயே என்ற பிரெஞ்சுக்காரர். சிங்கத்துக்கு இரையாகும் கிறிஸ்துவர்களைப் பற்றியது. சுத்த வேல்ஸ் மரபு என்று எதைத் தொட்டாலும் அடியில் பாரிஸோ லண்டனோ இருக்கிறது. அதில் தப்பும் இல்லை.

வெளியே இருந்து வந்து, உள்ளே இருப்பவர்களைவிட அதிகமாக இந்தப் பாட்டோடு ஒட்டிக்கொண்டவர் ஒருவர் உண்டு. பால் ராப்ஸன். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர், நடிகர், அப்பா அடிமையாகப் பிறந்தவர். 1920-களின் கடைசியில் லண்டனில் நாடகம் நடித்துக்கொண்டிருந்தபோது, தெருவில் பாடிக்கொண்டு போன சில ஆண்களைப் பார்த்தார். வேல்ஸிலிருந்து வேலையிழந்து நடந்தே வந்த சுரங்கத் தொழிலாளிகள். அவர்களோடு சேர்ந்து நடந்தார், பாடினார். ஊர் திரும்ப ரயில் செலவை ஏற்றுக்கொண்டார் என்றும் சொல்வார்கள். அன்றைக்குப் பிடித்த சிநேகிதம்.

1940-ல் வந்த 'தி ப்ரௌட் வேலி' படத்தில் ராப்ஸன் ஒரு கப்பல் கரித் தொழிலாளி. வேலை தேடி வேல்ஸ் ஊருக்கு வருகிறான். மாடியில் குழு ஒத்திகை நடக்கிறது. கீழே தெருவில் நின்றபடி இவன் பாஸ் குரலில் சேர்ந்துகொள்கிறான். மேலே இருப்பவர்கள் திகைத்து ஜன்னலுக்கு வருகிறார்கள். சினிமாவில் ஒரு மனிதன் ஓர் ஊருக்குள் நுழைய இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. கறுப்பனோடு வேலை செய்யமாட்டோம் என்று சிலர் முறுக்கும்போது, அடியில் போனால் நாமெல்லாருமே கறுப்புதானே என்று பதில் வருகிறது. சபாஷ். ஆனால் கடைசியில்? வெள்ளைக்காரத் தோழர்கள் பிழைக்க இவன் உயிரைக் கொடுக்கிறான். நல்லெண்ணத்தோடு எடுத்த படங்களில்கூடக் கறுப்பனைச் சாகடித்தால்தான் அவனைப் பெரியவனாக்க முடிகிறது. ராப்ஸனே தன் படங்களில் இதைத்தான் உசத்தியாகச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் நெருடல் போகவில்லை.

நிஜத்தில் நடந்தது படத்தைவிட நன்றாக இருக்கிறது. 1950-ல், அரசியல் கருத்துகளுக்காக அமெரிக்க அரசு ராப்ஸனின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டது. கச்சேரி, வருமானம் எல்லாம் போயிற்று. வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சங்கம் வருஷா வருஷம் கலைவிழா நடத்தும். அதற்கு அவரைக் கூப்பிட்டார்கள், வரமுடியவில்லை. மனுஷன் வரமுடியாவிட்டால் குரல் வரட்டும் என்று முடிவு செய்தார்கள். அட்லாண்டிக் கடலடியில் டெலிபோன் கேபிள் போட்டு அப்போதுதான் ஒரு வருஷம் ஆகியிருந்தது. 1957 அக்டோபர் 5. நியூயார்க்கில் ஒரு ஸ்டுடியோவில் ராப்ஸன். போர்த்கால் கடற்கரை அரங்கில் ஐயாயிரம் பேர். சங்கத் தலைவர் வில் பேன்டர் வரவேற்றுப் பேச, கடல் வழியாக அந்த பாஸ் குரல் வந்தது. பதிலுக்கு ட்ரியார்க்கி குழு பாடியது. கடைசியில் அரங்கமே அவருக்காகப் பாடியது. டெலிபோன் தரம்தான், கரகரப்புதான். ஆனால் அந்தப் பதிவைக் கேட்டால், ஒரு சர்க்கார் பூட்டிய கதவை இரண்டு பக்கமும் நின்று தட்டுகிற மாதிரி இருக்கும். அடுத்த வருஷம் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. எப்வேல் ஊரில் நடந்த தேசியக் கலைவிழாவுக்கு நேரிலேயே போனார்.

சினிமா இந்தப் பாட்டுக்குச் செய்த கெடுதலையும் சொல்லவேண்டும். 1941-ல் ஜான் ஃபோர்டு எடுத்த 'ஹௌ க்ரீன் வாஸ் மை வேலி'. 'சிட்டிஸன் கேன்' படத்தைத் தோற்கடித்து ஆஸ்கார் வாங்கியது. அதில் ஷிஃப்ட் முடிந்த தொழிலாளர்கள் கரிமுகத்தோடு பாடிக்கொண்டே சரிவில் இறங்கி வருவார்கள். நாள் முழுக்கக் குனிந்து கரி வெட்டியவன் பாடிக்கொண்டா வருவான்? போங்க சார். படத்தில் தெரிகிற பள்ளத்தாக்கு கலிஃபோர்னியாவில் போட்ட செட். மூல நாவலை எழுதிய ரிச்சர்ட் லெவலின்கூட லண்டனில் பிறந்தவர் என்பது அவர் இறந்த பிறகு வெளியே வந்தது. 1964-ல் வந்த 'ஸூலு' இன்னும் மோசம். 1879-ல் தென் ஆப்பிரிக்காவில் முற்றுகைக்கு நடுவே வேல்ஸ் சிப்பாய்கள் வீரப்பாட்டு பாடுவார்கள். நிஜத்தில் அப்படி யாரும் பாடவில்லை. படையின் பெயரே அப்போது ஓர் இங்கிலாந்து மாவட்டத்தின் பெயர். கஷ்டப்படுகிறவன் பாடினால் பார்க்கிறவனுக்கு மனசு லேசாகிவிடுகிறது. அதுதான் இந்த மாதிரிக் காட்சிகளின் சூட்சுமம்.

சரி, ஆண்கள் ஆண்கள் என்கிறாயே, அந்த ஊரில் பெண்களே இல்லையா என்று நீங்கள் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் நானே சொல்கிறேன். இருந்தார்கள், பாடவும் செய்தார்கள். வேல்ஸுக்குப் பாட்டு நாடு என்ற பெயரை லண்டனில் நிலைநாட்டியது கராடாக் என்ற கொல்லன் நடத்திய பெரிய குழு. 1872-லும் 1873-லும் கிரிஸ்டல் பேலஸ் மாளிகையில் ஆயிரம் பவுன் கோப்பையை வென்றது. (முதல் வருஷம் எதிர்த்துப் போட்டியிட யாருமே வரவில்லை என்பதைப் பெருமை பேசும்போது விட்டுவிடுவார்கள்.) அது ஆண், பெண் கலந்த குழு. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் பரிசு வாங்கியவர்களில் கிளாரா நவெல்லோ டேவிஸ் என்ற அம்மாள் நடத்திய வேல்ஸ் பெண்கள் குழுவும் உண்டு. விக்டோரியா மகாராணி முன்னால் அவர்கள் பாடியது 1894-ல். ட்ரியார்க்கி ஆண்களுக்கு அந்தப் பாக்கியம் அடுத்த வருஷம்தான் கிடைத்தது. ஆனால் போஸ்டரில், சுற்றுலாப் புத்தகத்தில், ரக்பி மைதானத்தில் நிற்பது சிவப்புக் கோட்டுப் போட்ட ஆண்கள்தான்.

சாயங்காலம் ஆறரைக்கு அவன் ஒத்திகைக்குப் போக, ஐந்து மணிக்கே வெந்நீர் போட்டு, முதுகில் கரி தேய்த்துக் கழுவி, சட்டை இஸ்திரி போட்டு வைத்தவள் யார்? குளியலறை என்று தனியாகக் கிடையாது. அடுப்புக்கு முன்னால் ஒரு தகரத் தொட்டி. வீட்டில் மூன்று ஆண்கள் மூன்று ஷிஃப்ட் என்றால் மூன்று வேளை வெந்நீர், மூன்று வேளை சமையல். அவளுக்கு எந்தக் கிழமை ஒத்திகை? எண்பது பேர் பாடும் 'மவான்வி'யில் மவான்வி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்பதும் அப்போது உறைக்கிறது.

இதைவிடக் கடுமையான விஷயம் ஒன்று. ரக்பி போட்டிக்கு முன்னால் கார்டிஃப் மைதானத்தில் இந்தக் குழுக்கள் பாடுவது வழக்கம். ரொம்ப வருஷமாக ஜனங்கள் தொண்டை கிழியப் பாடியது 'டிலைலா'. டாம் ஜோன்ஸ் 1968-ல் பிரபலப்படுத்தியது. அவரும் சுரங்கத் தொழிலாளியின் மகன்தான், பொந்த்தப்ரீத் பக்கம். கேட்க உற்சாகமான மெட்டு, ஆடலாம் போல. விஷயம்? துரோகம் செய்தாள் என்று ஒருவன் அவளைக் கத்தியால் குத்திக் கொல்கிறான், அப்புறம் மன்னிப்புக் கேட்கிறான். 2023-ல் வேல்ஸ் ரக்பி சங்கம், மைதானத்தில் குழுக்கள் இதைப் பாடவேண்டாம் என்று நிறுத்தியது. ஒரே அமளி. பாட்டைத் தடை செய்கிறவன் நாளைக்கு எதையும் தடை செய்வான் என்றார்கள். வெறும் பாட்டுதானே என்றார்கள்.

எனக்குப் பாட்டுகளைத் தடை செய்வது பிடிக்காது. ஆனால் 'வெறும் பாட்டுதானே' என்று சொல்கிறவர் யார் என்று பாருங்கள். பாட்டுதான் எங்கள் உயிர், பாட்டுதான் எங்கள் தேசம் என்று நூற்றைம்பது வருஷமாகச் சொன்னவர்கள். உயிர் என்றால் எல்லாப் பாட்டும் உயிர், வெறும் பாட்டு என்றால் 'மவான்வி'யும் வெறும் பாட்டு. இரண்டும் ஒரே கதை. விட்டுவிட்டுப் போகும் பெண், தோற்ற ஆண். ஒன்றில் விடைபெறக் கையைக் கேட்கிறான், மற்றதில் கையில் கத்தி வைத்திருக்கிறான். இரண்டையும் அதே ஆண்கள், அதே நாலு குரலில் பாடினார்கள். ஒரு விமர்சகனாக என்னிடம் கேட்டால், 'டிலைலா'வை நிறுத்தியதில் அந்தக் குழுக்களுக்குச் சங்கீத நஷ்டம் ஒன்றுமில்லை. அதில் மெதுவாகப் பாட ஓர் இடமும் கிடையாது.

இன்று சுரங்கம் இல்லை. ரோந்தாவின் கடைசிச் சுரங்கம் 1990 டிசம்பரில் மூடியது. பக்கத்தில் டவர் என்ற சுரங்கத்தைத் தொழிலாளிகளே ஆளுக்கு 8,000 பவுன் போட்டு 1995-ல் வாங்கி, கரி தீரும்வரை நடத்தி, 2008-ல் கௌரவமாக மூடினார்கள். குழுக்கள் இருக்கின்றன. உறுப்பினர்கள் ரிட்டயர்டு ஆசிரியர்கள், பாங்க்காரர்கள். உச்ச டெனர் கிடைப்பதுதான் கஷ்டம் என்கிறார்கள். வயசானால் முதலில் இறங்குவது அந்தக் குரல்தான். 2010-ல் பையன்களுக்கென்று 'ஒன்லி பாய்ஸ் அலௌட்' என்று ஆரம்பித்து டி.வி. போட்டிவரை கொண்டுபோனார்கள். மொழி? 2021 கணக்குப்படி வேல்ஸ் மொழி தெரிந்தவர்கள் 17.8 சதவிகிதம். அதனால் பாடுகிறவர்களில் பலருக்கு அர்த்தம் சொல்லித்தான் தெரியும்.

அபர்வான் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1966 அக்டோபர் 21 காலை, சுரங்கக் கழிவைக் கொட்டிவைத்திருந்த மலை மழையில் கரைந்து சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 116 குழந்தைகள், 28 பெரியவர்கள். ஆபத்து என்று முன்னாலேயே எச்சரித்திருந்தார்கள், நிலக்கரி வாரியம் கேட்கவில்லை. ஆறு நாள் கழித்து மலைச்சரிவில் வரிசையாகக் குழி வெட்டிப் புதைத்தபோது ஊர் ஒரு துதிப்பாட்டைப் பாடியது. மெட்டு ஜோசஃப் பாரியுடையது. அவர் பிறந்த மெர்தர் அங்கிருந்து சில மைல்தான். ஒன்பது வயதில் சுரங்கத்துக்குப் போன பையனின் மெட்டு, அந்த வயதுக் குழந்தைகளுக்கு. அதன் பிறகு, துக்கத்தில் கூடிய அந்த ஊர் ஆண்கள் ஒரு குழு ஆரம்பித்தார்கள். அனிஸ்ஓவன் என்று பெயர். இழப்பைப் பற்றி உட்கார்ந்து பேசத் தெரியாதவர்கள், பேசவேண்டாத ஒரு வேலையைச் சேர்ந்து செய்தார்கள்.

சி.டி. கொடுத்த நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பக்கத்து வீட்டுக் கிழவர் ஒரு நாள் ஒத்திகைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். 'டெனரா, பாஸா?' என்று கேட்டார்களாம். இவர் 'ஸாஃப்ட்வேர்' என்றாராம். குரல் பார்த்து இரண்டாம் டெனரில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருஷம் பாடியிருக்கிறார். வேல்ஸ் மொழி தெரியாதே என்றால், பக்கத்தில் நின்றவருக்கும் தெரியாது. அவர் உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வார், இவர் தமிழில்.

அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நாலாக மடித்து, மடிப்பு கிழிந்து, செலோடேப் ஒட்டியிருந்தது. மேலே 'மவான்வி' என்று தமிழில். 'வ'வின் கீழ் இரண்டு கோடு. கடைசி வரிக்கு எதிரே பென்சிலால் வட்டம் போட்டு, 'இங்க மூச்சு விடக் கூடாது. தாத்தா விடுவார், அப்ப நாம பிடிச்சுக்கணும்.'